சிவப்பணு கூடினால் சத்து கூடியதா?

வாசகர் கேள்விகளுக்கு ரத்தவியல் மருத்துவர் குழுவின் பதில்கள். ரத்தசோகை பற்றித்தான் வழக்கமாகக் கடிதங்கள் குவியும். இம்முறை அதற்கு நேரெதிரான சிக்கலைப் பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வயது 46. லாரி ஓட்டுகிறேன். பொதுப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 18.4 கிராம், பி.சி.வி. 55 சதவீதம், சிவப்பணு 62 லட்சம் என்று வந்தது. வெள்ளணுவும் தட்டணுவும் சரியாக உள்ளன. "நல்ல ரத்தம், கொடுத்து வைத்தவன்" என்கிறார் நண்பர். லேப்பில் இருந்தவர், "ஒரு தடவை ரத்ததானம் செய்யுங்க, இறங்கிடும்" என்றார். தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பேன். என்ன செய்யட்டும்?
— வாசகர், திருப்பூர்

பதில்: சந்தோஷப்படவும் வேண்டாம், அவசரப்பட்டு ரத்தம் கொடுக்கவும் வேண்டாம். முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம்.

ஹீமோகுளோபின் 18.4 என்றால் 100 மில்லி ரத்தத்தில் 18.4 கிராம் இருக்கிறது என்று பொருள். அது அடர்த்தியின் கணக்கு. உடம்பில் மொத்தம் எவ்வளவு சிவப்பணு இருக்கிறது என்பதை அது சொல்லாது. குழம்பு கெட்டியாக இருந்தால் பருப்பு கூடுதலாக விழுந்திருக்கலாம், தண்ணீர் சுண்டியிருக்கவும் கூடும். ரத்தத்திலும் அப்படித்தான். வெயிலில் வேலை, வயிற்றுப்போக்கு, ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் நீர் மாத்திரை ஆகியவை ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குறைத்துவிடும். சிவப்பணு ஒன்றுகூடக் கூடாமலேயே எண் ஏறும். பகலெல்லாம் இன்ஜின் சூட்டில் உட்கார்ந்து, வழியில் நிறுத்த இடமில்லை என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும் ஓட்டுநர்களிடம் இது சாதாரணம்.

எனவே பரிசோதனையை இரண்டு வாரத்துக்குள் மறுபடி செய்யுங்கள், ஆனால் முறையாக. அதற்கு முந்தைய இரண்டு நாள் தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். அன்று காலை சிகரெட் வேண்டாம். லேப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ரத்தம் கொடுங்கள். கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கியபடி இருக்கக்கூடாது. கையை மூடி மூடித் திறக்கவும் வேண்டாம். நரம்பு கிடைக்கவில்லை என்று பட்டையைக் கட்டியபடியே தட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் நீர் வெளியேறி, ரத்தம் அங்கேயே அடர்த்தியாகிவிடும்.

ரிப்போர்ட் நம்பத்தக்கதா என்று நீங்களே பார்க்க ஒரு கணக்கு உண்டு. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பி.சி.வி. வரவேண்டும். பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் இடத்தின் சதவீதம். ஹெமட்டோகிரிட் என்றும் எழுதுவார்கள். உங்களுக்கு 18.4 × 3 = 55.2, பொருந்துகிறது. ஹீமோகுளோபின் 18 என்றும் பி.சி.வி. 46 என்றும் வந்தால் சந்தேகப்பட வேண்டும். ட்ரைகிளிசரைடு கொழுப்பு மிக அதிகமாகி ரத்தநீர் பால்போலக் கலங்கியிருந்தால் கருவி ஏமாந்து ஹீமோகுளோபினைக் கூட்டிக் காட்டும்.

மறு பரிசோதனையிலும் ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 16.5 அல்லது பி.சி.வி. 49, பெண்களுக்கு 16 அல்லது 48, இவற்றைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வகுத்த எல்லைக்கோடு இது. தாண்டியவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்ல, தேடலை இங்கே தொடங்கு என்பதற்கான கோடு, அவ்வளவே.

சிவப்பணுவைச் செய்வது எலும்பு மஜ்ஜை. செய்யச் சொல்லி உத்தரவு போடுவது சிறுநீரகம். தன்னிடம் வரும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அது எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், மஜ்ஜை வேலையைக் கூட்டும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: உங்கள் மஜ்ஜை உத்தரவு வந்து வேலை செய்கிறதா, உத்தரவே இல்லாமல் தானாக ஓடுகிறதா?

உங்கள் விஷயத்தில் உத்தரவு போட வைப்பது சிகரெட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது. இருக்கிற ரத்தத்தில் ஒரு பங்கு வேலைக்கு ஆகாததால் உடம்பு கூடுதலாகச் செய்து ஈடுகட்டுகிறது. புகை ரத்தநீரையும் குறைக்கும் என்பதால் இரண்டு பக்கமும் எண் ஏறும். நண்பர் சொன்ன "நல்ல ரத்தம்" இதுதான். இதில் ஒரு ஏமாற்று உண்டு: விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறியதற்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்து 97 என்று காட்டும். அந்த எண்ணை நம்பி நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். கார்பாக்சிஹீமோகுளோபின் என்று தனியாக ரத்தத்தில் அளக்கலாம்.

புகையை முழுதாக நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். காரணம் அது மட்டும் என்றால் எண் தானாக இறங்கியிருக்கும். எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது போதாது, நிறுத்த வேண்டும்.

இன்னொன்றை உங்கள் வீட்டம்மாவிடம் கேளுங்கள்: சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஏறலாம். லாரி ஓட்டும் உங்களுக்கு ஹீமோகுளோபினைவிட அது பெரிய ஆபத்து, ஸ்டியரிங்கில் கண் அசரும். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

புகைதான் காரணம் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. பி.சி.வி. 55 என்பதால் மூன்று மாதம் சும்மா காத்திருக்காமல் இந்த மாதமே மருத்துவரைப் பாருங்கள். மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் ஊதல் சோதனை, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஆகியவை தேவைப்படும். சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் வரும் சில கட்டிகள் தாங்களே எரித்ரோபாய்டின் சுரக்கும் என்பதாலும், மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று அறியவும்தான் ஸ்கேன். கூடவே ரத்தத்தில் எரித்ரோபாய்டின் அளவும், ஜாக்-2 என்ற மரபணு மாறியிருக்கிறதா என்ற சோதனையும் செய்வார்கள். எரித்ரோபாய்டின் இயல்புக்குக் கீழே இருந்தால் மஜ்ஜை உத்தரவில்லாமல் ஓடுகிறது என்று சந்தேகம். கூடியிருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. இயல்பாக இருந்தால் அதை வைத்து மட்டும் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

ரத்ததானம் ஏன் வேண்டாம்? கொடுத்ததும் எண் இறங்கும். அடுத்த ரிப்போர்ட் அழகாக வரும். நோய் இருந்தால் அது ஒளிந்துகொள்ளும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். மஜ்ஜை உத்தரவில்லாமல் ஓடும் "பாலிசைதீமியா வேரா" என்ற நோய் உள்ளவர்களிடம் இந்தியாவில் தானமாக ரத்தம் எடுக்க விதிகள் அனுமதிப்பதும் இல்லை. காரணம் தெரிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் ஊசி குத்துவதுபோல அரிக்கிறது என்று இரண்டு வருடமாகத் தோல் டாக்டரிடம் காட்டிவந்தோம். பிறகு ஹீமோகுளோபின் 17.8, வெள்ளணு 14,000, தட்டணு 6.2 லட்சம் என்று தெரிந்து, ஜாக்-2 பாசிட்டிவ், பாலிசைதீமியா வேரா என்றார்கள். ரத்தம் எடுத்து வெளியேற்றுகிறார்கள். ஆஸ்பிரினும் ஹைட்ராக்சியூரியாவும் தந்திருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரர், "இது கேன்சர் மாத்திரை" என்று சொன்னதிலிருந்து அம்மா சாப்பிட மறுக்கிறார். இரும்புச்சத்தும் 6க்கு இறங்கிவிட்டது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதவில்லை. நாங்களே வாங்கிக் கொடுக்கலாமா?
— வாசகி, தென்காசி

பதில்: இரும்பு மாத்திரை கொடுக்காதீர்கள். டாக்டர் மறந்துவிடவில்லை, வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அயச்செந்தூரம், இரும்பு கலந்த டானிக், சத்து மாத்திரை என்று வேறு பெயரில் வருவதும் வேண்டாம்.

அம்மாவின் மஜ்ஜையில் ஜாக்-2 என்ற ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. எரித்ரோபாய்டின் வந்து தட்டினால் திறக்க வேண்டிய கதவு, தட்டாமலேயே திறந்து கிடக்கிறது. இந்த மாற்றம் 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. பாலிசைதீமியா வேரா உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கும் மேல் இது இருக்கும். பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, வாழ்நாளில் மஜ்ஜை அணு ஒன்றில் நேர்ந்தது. அதனால் பிள்ளைகள் எல்லோரும் சோதித்துக்கொள்ள ஓடவேண்டியதில்லை. சிவப்பணுவோடு வெள்ளணுவும் தட்டணுவும் சேர்ந்து கூடியிருப்பது இந்த நோயின் அடையாளம். திருப்பூர் வாசகரின் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால் புரியும்.

இதில் நாம் பயப்பட வேண்டியது ரத்தம் உறைவதற்கு. மூளை, இதயம், கால், கல்லீரலுக்குப் போகும் குழாய் என எங்கும் அடைக்கலாம். பி.சி.வி. ஏற ஏற ரத்தத்தின் பிசுபிசுப்பு அதே வேகத்தில் ஏறாது, அதைவிட வேகமாக ஏறும். இத்தாலியில் 365 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பி.சி.வி.யை 45க்குக் கீழே வைத்தவர்களைவிட 45–50இல் விட்டவர்களுக்கு இதய-ரத்தக்குழாய் மரணமும் பெரிய அடைப்புகளும் ஏறத்தாழ நான்கு மடங்கு நேர்ந்தன. 47, 48 என்பது சாதாரண மனிதருக்குப் பரவாயில்லாத எண்தான், அம்மாவுக்கு அல்ல. "45க்குக் கீழே" என்பதை ரிப்போர்ட் ஃபைலின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஒருமுறை 450 மில்லி எடுத்தால் பி.சி.வி. சுமார் 3 புள்ளி குறையும், 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பும் வெளியேறும். இரும்பு இல்லாமல் மஜ்ஜையால் வேகமாகச் சிவப்பணு செய்ய முடியாது. கைக்குப் பொருள் கிடைக்காத பட்டறை மாதிரி அது மெதுவாகும். நாம் விரும்புவதும் அதைத்தான். நீங்கள் இரும்பு கொடுத்தால் சில வாரங்களிலேயே பி.சி.வி. எகிறும். இரும்புக் குறைவால் களைப்பு, முடி உதிர்வு, ஐஸ் அல்லது அரிசி தின்னும் ஆசை வந்து தாங்க முடியாமல் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்தம் எடுப்பதைக் குறைத்து மருந்தை மாற்றும் வழி இருக்கிறது.

ரத்தம் எடுக்கும் நாளில் வெறும் வயிற்றோடு கூட்டிப்போகாதீர்கள். டிபன் சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீரோ மோரோ குடித்துவிட்டுப் போகட்டும். இந்த வயதில் ஒரே தடவையில் 450 எடுக்க வேண்டும் என்பதில்லை. எடை குறைவு, இதய நோய் இருந்தால் 200–250 மில்லியாக எடுப்பார்கள். எடுத்து முடித்ததும் கால் மணி நேரம் படுத்திருந்து, உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும். நேரே எழுந்து படியிறங்கித்தான் பலர் மயங்கி விழுகிறார்கள். ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை, எண் 45க்குக் கீழே வந்தபின் தேவைப்படும்போது மட்டும்.

இப்போது அந்த மாத்திரை. அம்மாவின் பயம் நியாயமானது, மறைக்க வேண்டாம். பாலிசைதீமியா வேரா ரத்தப் புற்றுநோய்களின் குடும்பத்தில்தான் வகைப்படுத்தப்படுகிறது. ஆனால் மிக மெதுவாக நகரும் நோய். கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்கள் பத்து, இருபது வருடங்களுக்கு மேலும் வீட்டு வேலை செய்துகொண்டு நடமாடுகிறார்கள். ஹைட்ராக்சியூரியா முடி கொட்டி வாந்தியெடுக்க வைக்கும் கீமோ ஊசிபோல அல்ல. சிக்கிள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கும் பல வருடங்கள் தொடர்ந்து தரப்படும் மருந்து இது. வயது 60ஐத் தாண்டியவர்களுக்கும் முன்பே அடைப்பு வந்தவர்களுக்கும் ரத்தம் எடுப்பது மட்டும் போதாது என்பதால்தான் இதைச் சேர்க்கிறார்கள்.

சாப்பிடும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. ஆரம்பத்தில் ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். வெள்ளணு அதிகம் இறங்கினால் அளவைக் குறைப்பார்கள். காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றே எண்ணிக்கை பார்க்க வேண்டும். வாய்ப்புண் வரலாம். கணுக்கால் அருகே ஆறாத புண் வந்தால் உடனே காட்டுங்கள், மருந்தை நிறுத்தினால்தான் ஆறும். நகம் கறுப்பது பயப்படத்தக்கதல்ல. சிவப்பணுவின் பருமனைக் காட்டும் எம்.சி.வி. என்ற எண் 100ஐத் தாண்டும். அதைப் பார்த்து வேறு யாராவது பி-12 குறைவு என்று ஊசி போடச் சொன்னால் இந்த மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள். கேப்சூலைப் பிரித்துப் பொடியைக் கொட்டிக் கொடுக்காதீர்கள்.

ஆஸ்பிரின் பொதுவாக 75 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பின். வயிற்றுப்புண் இருந்ததா என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தட்டணு 10 லட்சத்தைத் தாண்டினால் ரத்தம் உறைவதற்குப் பதில் கசியவும் கூடும், அப்போது ஆஸ்பிரின் தரலாமா என்று தனியாகச் சோதித்தே முடிவெடுப்பார்கள்.

குளித்தபின் அரிப்பு: சுடுநீரைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். அலர்ஜி மாத்திரை சிலருக்குக் கேட்கும், பலருக்குக் கேட்காது. பி.சி.வி. இறங்கிய பின்னும் அரிப்பு தங்கிவிடுவது உண்டு. அதைச் "சும்மா அரிப்பு" என்று மருத்துவர் ஒதுக்கினால் விடாதீர்கள். தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்புக்கு இன்று ரக்சோலிட்டினிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன.

முகம் ஒருபக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, கை விழுவது, திடீரென்று பார்வை போவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காரணமில்லாமல் வயிறு வலித்து வீங்குவது: இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். பல் பிடுங்குவதாக இருந்தால்கூட நோயைச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

கேள்வி: 24 வயது மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். ரிப்போர்ட்டில் சிவப்பணு 59 லட்சம் என்று தடித்த எழுத்தில் "அதிகம்" எனப் போட்டிருக்கிறது. ஆனால் ஹீமோகுளோபின் 11.6தான். ரத்தம் அதிகமா, குறைவா?
— வாசகர், தருமபுரி

பதில்: இது வேறு கதை. அதே ரிப்போர்ட்டில் எம்.சி.வி. 64 என்று இருக்கிறது, அதுதான் திறவுகோல். எம்.சி.வி. ஓர் அணுவின் பருமன். 80க்கு மேல் இருக்க வேண்டியது 64 என்றால் அணுக்கள் மிகச் சிறியவை. எண்ணிக்கை கூடுதல், ஒவ்வொன்றும் பொடிசு, மொத்தத்தில் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவு. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (பத்து லட்சத்தில்) வகுங்கள்: 64 ÷ 5.9 = 10.8. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறு) மரபுக்கூறு இருக்கலாம். மேலே வந்தால் இரும்புக் குறைவுக்கு வாய்ப்பு கூடுதல். இது குத்துமதிப்பான கணக்கு, உறுதிப்படுத்த ஹீமோகுளோபின் ஏ-2 சோதனை வேண்டும். 3.5 சதவீதத்துக்கு மேல் வந்தால் பெரும்பாலும் அதுவே. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள், இரும்பு மிகக் குறைந்திருந்தால் ஏ-2 பொய்யாக இறங்கிக் காட்டும்.

மரபுக்கூறு மட்டும் உள்ளவர் நோயாளி அல்ல. மகள் வேலைக்குப் போகலாம், குழந்தை பெறலாம். ஃபெரிட்டின் குறையாதவரை இரும்பு மாத்திரையால் பயனில்லை. ஆனால் மாப்பிள்ளைக்கும் அதே கூறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோயோடு குழந்தை பிறக்கலாம். மாப்பிள்ளைக்கும் ஏ-2 பாருங்கள். கல்யாணத்தை நிறுத்துவதற்காக அல்ல, கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே சிசுவைச் சோதிக்கும் வசதி இருக்கிறது என்பதற்காக. மகளிடம் குறை இருப்பதாக யாரும் பேசாதபடி பெற்றோர் நீங்கள் நடந்துகொள்வது முக்கியம். இது அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்ததுதான்.

கேள்வி: சர்க்கரைக்கு எம்பாகிளிஃப்ளோசின் ஆரம்பித்து ஆறு மாதம். ஹீமோகுளோபின் 15.9லிருந்து 16.8 ஆகிவிட்டது. நிறுத்திவிடவா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வகை மருந்துகள், டபாகிளிஃப்ளோசின் உட்பட, பி.சி.வி.யை 2 முதல் 4 புள்ளி ஏற்றுவது தெரிந்த விஷயம். சிறுநீர் வழியே கொஞ்சம் நீர் போவதும், எரித்ரோபாய்டின் சற்றே கூடுவதும் காரணம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை தரும் பாதுகாப்பு பெரிது. ஆனால் பி.சி.வி. 50ஐத் தாண்டிப்போனால், அல்லது மருந்து தொடங்கும் முன்பே எண் கூடியிருந்தால், மேலே சொன்ன தேடல் உங்களுக்கும் பொருந்தும். மருந்தின் மேல் பழியைப் போட்டு ஜாக்-2வைத் தவறவிடக்கூடாது.

கேள்வி: 12 வயதுப் பையனுக்கு டெங்கு வந்து குணமாகிவிட்டது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, அன்று தட்டணு 90,000 இருந்தது. "அது பரவாயில்லை, பி.சி.வி. 38லிருந்து 47 ஆகியிருக்கிறது" என்று உடனே சேர்த்துக்கொண்டார்கள். தட்டணுவைத்தானே பார்க்க வேண்டும்?
— வாசகி, மதுரை

பதில்: உங்கள் மருத்துவர் சரியானதைப் பார்த்திருக்கிறார். 38லிருந்து 47 என்பது கிட்டத்தட்ட 24 சதவீத ஏற்றம். டெங்குவில் 20 சதவீதம் ஏறினாலே, ரத்தக்குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிகிறது என்று பொருள். சிவப்பணு கூடவில்லை, குழம்பு சுண்டுகிறது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டில் நிம்மதியாகும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் குழந்தைகள் ரத்த ஓட்டம் தளரும் அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போகிறார்கள். தட்டணு எண்ணிக்கையை மட்டும் மணிக்கொரு தரம் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு எங்கள் வேண்டுகோள்: "பி.சி.வி. எவ்வளவு, நேற்று எவ்வளவு, சிறுநீர் போகிறானா" என்றும் கேளுங்கள்.

கேள்வி: கணவர் ராணுவத்தில், லடாக்கின் லே நகரில் இருக்கிறார். ஹீமோகுளோபின் 18.9 என்றார். பயமாக இருக்கிறது.
— வாசகி, வேலூர்

பதில்: லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஏறிய முதல் நாட்களில் ரத்தநீர் குறைவதால் எண் கூடும், அடுத்த வாரங்களில் உண்மையாகவே சிவப்பணு கூடும். கீழே வந்து சில வாரங்களில் இறங்கிவிடும். தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழும் திபெத்தியர்களுக்கு ஒரு மரபணு வேறுபாட்டால் இந்த அளவு ஏற்றம் இருப்பதில்லை. ஆண்டிஸ் மலை மக்களில் சிலருக்கு அளவு மீறிப்போய் நோயாகவே ஆகிறது. பெருவின் கார்லோஸ் மோங்கே 1925இல் அதை விவரித்தார். அங்கே ஆண்களுக்கு 21 என்பது நோயின் கோடு. அவருக்குத் தலைவலி, தூக்கமின்மை, உதடு நீலமாதல், ஒரு கால் வீக்கம் இருந்தால் படைப்பிரிவு மருத்துவரிடம் உடனே சொல்லட்டும். புகை பிடித்தால் அந்த உயரத்தில் இரட்டைச் சுமை.

கேள்வி: பேரக்குழந்தை பிறந்த அன்று குதிகாலில் குத்திப் பார்த்து பி.சி.வி. 69 என்றார்கள். மருமகளுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. பிறகு கையில் எடுத்துப் பார்த்து 63, பரவாயில்லை என்றுவிட்டார்கள். எதை நம்புவது?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: கையில் எடுத்ததை. குதிகால் ரத்தம் எப்போதும் கூட்டிக் காட்டும். நரம்பில் எடுத்து 65க்கு மேல் வந்தால்தான் கூடுதல் என்போம். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தைக்கு இது அடிக்கடி வரும். பிறந்த இரண்டு மணி நேரத்தில் உச்சம் தொட்டு, ஒரு நாளில் இறங்கத் தொடங்கும். அந்த முதல் சில நாட்களில் பால் சரியாகக் குடிக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா, கைகால் உதறுகிறதா, மஞ்சள் ஏறுகிறதா என்பவற்றைத்தான் கவனிக்க வேண்டும். கூடுதல் அணுக்கள் உடையும்போது மஞ்சள் காமாலை சற்று அதிகமாகும்.

கேள்வி: ஹீமோகுளோபின் 17 என்பதால் முருங்கைக்கீரை, பேரீச்சை, பீட்ரூட் எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சரியா?
— வாசகர், ஈரோடு

பதில்: தேவையில்லை. உடம்பு தனக்கு வேண்டிய இரும்பை மட்டும்தான் குடலில் உறிஞ்சும். கீரை தின்று யாருக்கும் சிவப்பணு எல்லை மீறாது. முருங்கைக்கீரையைத் திரும்பச் சமைக்கச் சொல்லுங்கள், காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள்.